போத்தல் மிஸ்ஸும் முதல் தண்ணீரும்

எங்கள் முன்பள்ளியின் தண்ணீர்ப் பரலுக்குள், அந்தப் பெரிய பீப்பாய்க்குள், தலையை விட்டு முகர்ந்து பார்த்த ஒரே ஆள் அவர்தான். வந்த அன்றே அதைச் செய்தார். வணக்கம் சொல்லவில்லை, நான் இழுத்துப் போட்ட கதிரையில் இருக்கவும் இல்லை. தோளில் தொங்கிய துணிப்பையை என் கையில் தந்துவிட்டு நேரே பரலடிக்குப் போனார். மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"ரீச்சர், இது எந்த நேரமும் வெயிலுக்கையோ நிக்கிறது?"

"நெடுந்தீவிலை வெயில் இல்லாத இடம் எங்கையக்கா கிடக்கு?" என்றேன். எனக்கு அப்போதே கொஞ்சம் எரிச்சல் வந்துவிட்டது. இன்றைக்கும் அவரை நினைத்தால் முதலில் வருவது எரிச்சல்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

பிளாஸ்டிக்கை மெதுமையாக்குவதற்கு அதில் சில இரசாயனங்களைக் கலக்கிறார்கள். அவை மனிதரின் உடம்புக்குள் எவ்வளவு போகின்றன என்று வயது வாரியாக மதிப்பிடுவது அவருடைய வேலை. அதற்குக் கைக்குழந்தையில் இருந்து கிழவர் வரை எல்லாரிடமும் சிறுநீர் வாங்க வேண்டும். வாங்குவதற்குக் கண்ணாடிப் போத்தல்களைப் பெட்டி பெட்டியாகப் படகில் கொண்டுவந்து இறக்கினார். இரண்டாம் நாளே ஊர் அவருக்குப் போத்தல் மிஸ் என்று பெயர் வைத்துவிட்டது. சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரை எங்கள் ஊரில் சொன்னால் அது ஆர் என்று கேட்பார்கள். ஆகவே இங்கேயும் அது வேண்டாம்.

எனக்கு ஏன் அவர் அவ்வளவு தேவைப்பட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் முன்பள்ளி ஒரு ஒழுங்கையின் கடைசியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் முருகைக்கல் அடுக்கிய வேலி. ஒழுங்கை ஒடுக்கம் என்பதால் தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறி உள்ளே வராது. வீதியில் நின்றபடி நீளமான பிளாஸ்டிக் ஓஸ் குழாய் ஒன்றின் வழியாகத்தான் தண்ணீர் விடுவார்கள். அந்த ஓஸை ஒருவரும் சுருட்டி எடுத்து வைப்பதில்லை. கல்வேலிக்கு மேலேயே வருடம் முழுக்கக் கிடக்கும். வெயிலில் கிடந்து பச்சை நிறம் வெளிறி, தொட்டால் கையில் பிசுபிசுக்கும். பரலில் நிறைந்த தண்ணீரில் ஒரு மணம் வரும். புதுச் செருப்புக் கடைக்குள் போனால் ஒரு மணம் வருமே, அதேதான். கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால் என் பிள்ளைகள் இதைத்தான் குடிக்கிறார்கள்.

ஓஸை எடுத்துவிட்டு நிலத்துக்குக் கீழே நல்ல குழாய் புதைத்துத் தாருங்கள், பரலுக்குப் பதிலாக நிழலில் ஒரு சீமெந்துத் தாங்கி கட்டித் தாருங்கள் என்று நான் எழுதாத இடம் இல்லை. கடைசியில் ஓர் அலுவலகத்தில் ஓர் ஐயா கொஞ்சம் இரக்கத்தோடு சொன்னார். "மணக்குது எண்டு எழுதினால் மேலை ஒருத்தரும் எடுக்கமாட்டினம் ரீச்சர். பிள்ளையளின்ரை உடம்புக்கை இவ்வளவு போகுது எண்டு ஒரு இலக்கம் கொண்டு வாரும். மிச்சத்தை நான் செய்விக்கிறன்."

எனக்கு வேண்டியது அந்த ஒரு இலக்கம்தான். அதை எடுத்துத் தரக்கூடிய மனுசி தானாகவே படகேறி வந்து என் பரலுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறார் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்று முழுக்க என் கால் நிலத்தில் படவில்லை. சின்னப் பிள்ளைகளின் போத்தல்கள் முழுவதற்கும் நான் பொறுப்பு என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தாய்மாரைக் கூப்பிட்டு வைத்து அவர் விளங்கப்படுத்தினார். நல்ல விளக்கம், அதில் குறை சொல்ல மாட்டேன். "பிளாஸ்ரிக் மெதுவா இருக்கிறதுக்கு ஒரு சாமான் கலக்கிறவை. அது பிளாஸ்ரிக்கோடை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இராது. சூடு பட்டால், எண்ணெய் பட்டால் கழண்டு வந்திடும். எங்கடை சோத்துக்கை வரும், தண்ணிக்கை வரும். அதைத்தான் பாக்க வந்தனான்."

ஜெசிந்தா எழும்பினாள். கடலுக்குப் போகிறவர் ஒருவரின் மனைவி. அவளுடைய சின்னவள் அப்போதுதான் என் முன்பள்ளிக்கு வரத் தொடங்கியிருந்தாள். ஊரில் எந்த வேலைக்கும் முன்னுக்கு நிற்கிறவள் ஜெசிந்தா. "உள்ளுக்குப் போனால் என்ன செய்யும் மிஸ்?"

"உடம்பிலை இருக்கிற சுரப்பிகளின்ரை வேலையைக் குழப்பும் எண்டு சொல்லுகினம். வளருற பிள்ளையளிலைதான் கூடக் கவனம் வேணும்."

"என்ரை பிள்ளைக்கு என்ன செய்யும்?"

"அது எனக்குத் தெரியாது."

கூட்டம் முடிந்து போகும்போது ஜெசிந்தா என் காதுக்குள் சொன்னாள், "தெரியாது எண்டு சொல்லவோ ரீச்சர் இவ மினக்கெட்டுக் கடல் கடந்து வந்தவா?" நானும் சிரித்தேன். அந்தத் 'தெரியாது' பிறகு எங்களை என்ன பாடு படுத்தப் போகிறது என்று அப்போது தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

அவர் ஒரு வீட்டுக்குள் போனால் கண் ஓரிடத்தில் நிற்காது. மேசை விரிப்பு, மழைக்கோட்டு, பிள்ளையின் ரப்பர் வாத்து, செருப்பு வார் என்று மெதுவாக இருக்கிற எல்லாவற்றையும் பெருவிரலால் அமத்திப் பார்ப்பார், சந்தையில் தக்காளி பொறுக்குகிறவர் மாதிரி. அமத்தினால் அமுங்குகிற சாமான் எல்லாம் அவருக்குச் சந்தேகம். குசினிக்குள் போய்ப் பக்கற்றையும் எண்ணெய்ப் போத்தலையும் அவர் அமத்திக்கொண்டு நிற்க, வீட்டுக்காரி முகத்தைச் சுழித்தபடி பின்னால் நிற்பாள். சில வீடுகளில் நான்தான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துக்கொண்டு வெளியே வருவேன்.

பவுடர் பூசமாட்டார். கிறீம், வாசனை எண்ணெய், நகப்பூச்சு ஒன்றும் கிடையாது. தலை சீயாக்காயில் முழுகிக் காய்ந்து பறக்கும். நேர்த்திக்கடனோ என்று ஜெசிந்தா நேரிலேயே கேட்டுவிட்டாள்.

"இல்லைத் தங்கச்சி. மணக்கிற சாமான்களிலையும் அது கிடக்கும். என்ரை கையாலை உங்கடை போத்தலுக்குப் போயிட்டால் பிறகு கணக்கு ஆற்றை? உங்கடையோ என்ரையோ?"

கேள்வி கேட்கத் தொடங்கினால் அவரிடமிருந்து தப்ப முடியாது. கடற்கரையில் வயதான ஓர் அப்பு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார். போத்தல் மிஸ் அவருக்குப் பக்கத்தில் மணலிலேயே இருந்துவிட்டார்.

"அப்பு, நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"வழமையாச் சாப்பிடுறதுதான்."

"வழமையை விடுங்கோ. நேற்று?"

"சோறும் மீனும்."

"எதிலை கட்டிக்கொண்டு போனனீங்கள்?"

"லஞ்ச் சீற்றிலை." சோறு கட்டுகிற மெல்லிய பொலித்தீன் தாளைத்தான் அப்படிச் சொல்வோம்.

"கட்டேக்கை சோறு சுட்டதோ?"

"ஏன் பிள்ளை, ஆறின சோத்தை ஆராவது கட்டுவினமோ?"

"எவ்வளவு நேரம் கட்டினபடி கிடந்தது?"

"பசிக்கும் மட்டும்."

"பசி எத்தினை மணிக்கு வந்தது?"

அப்பு ஊசியை வலையில் குத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இவ பொலிசோ ரீச்சர்?"

திரும்பி நடந்து வரும்போது நான் சொன்னேன், "ஏறத்தாழ ஒரு நேரத்தைப் போட்டிருக்கலாமே அக்கா. எல்லாரையும் கூட்டிச் சராசரிதானே எடுக்கப் போறீங்கள்."

ஏறத்தாழ என்ற சொல் அவருக்கு ஆகவே ஆகாது. ஒழுங்கையின் நடுவில் நின்றுவிட்டார். "சராசரி ஆள் எண்டு ஒருத்தர் இந்தத் தீவிலை இருந்தால் காட்டும் ரீச்சர். அவரிட்டை மட்டும் ஒரு போத்தலை வாங்கிக்கொண்டு நான் போறன், எல்லாருக்கும் சுகம்." பிறகு தானே இறங்கி வந்து விளங்கப்படுத்தினார். "கடலுக்குப் போறவருக்கு அது சுடுசோத்தாலை வரும். குமர்ப்பிள்ளைக்குக் கிறீமாலை வரும். தவழுற பிள்ளைக்கு நிலத்தாலையும் வாயாலையும் வரும். வயதுக்கு வயது வழி வேறை. உம்மடை ஓஸ் தண்ணியை எல்லாரும் குடிக்கினம் எண்டே வையும். அப்புவின்ரை உடம்பு எவ்வளவு, ஜெசிந்தாவின்ரை சின்னவளின்ரை உடம்பு எவ்வளவு? ஒரு கோப்பைத் தண்ணி ரெண்டு பேருக்கும் ஒண்டோ?"

"அப்ப எங்கடை பிள்ளையளுக்கு எவ்வளவு போகுமெண்டு நினைக்கிறீங்கள்?"

"நான் நினைக்கிறதுக்கு வரேல்லை, ரீச்சர்."

இப்படி முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டு, அடுத்த நாள் விடிய வந்து முன்பள்ளித் தரையில் காலை நீட்டி இருந்தார். காலை முழுக்க ஜெசிந்தாவின் சின்னவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பு வாரைச் சப்பியதை, பொம்மையின் காலைச் சப்பியதை, மேசை விரிப்பின் மூலையைச் சப்பியதை எல்லாம் பார்த்தார். பிள்ளை வந்து அவருடைய விரலைப் பிடித்துச் சப்பத் தொடங்கியபோது அவர் கையை இழுக்கவில்லை. முதல் தடவையாக அவர் முகம் இளகியதை அன்றுதான் கண்டேன். "இது மட்டும் கணக்கிலை வராது" என்று சொல்லிச் சிரித்தார். இந்த மனுசியை முழுதாகக் கோபிக்கவும் என்னால் முடிவதில்லை.

ஓஸைப் பற்றி அவர் ஒன்றே ஒன்று சொன்னார். போன முறை விட்ட தண்ணீரின் மிச்சம் ஓஸுக்குள்ளேயே வெயிலில் வெந்துகொண்டு கிடக்கும். பவுசர் வந்ததும் அந்த முதல் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, குளிர்ந்த தண்ணீர் வரத் தொடங்கிய பிறகு பரலுக்குள் விட வேண்டும். சொல்ல இலகு. இங்கே குடிதண்ணீரை மண்ணில் ஊற்றுகிறவரை ஊர் என்ன கண்ணால் பார்க்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் ஓஸை மண்ணுக்குத் திருப்பியதும் பவுசர்க்கார அண்ணை வீதியிலிருந்து கத்தினார். "என்ன ரீச்சர் விசரே உங்களுக்கு? சனம் ஒரு வாளிக்கு லைனிலை நிக்குது, நீங்கள் நிலத்துக்குப் பருக்கிறீங்கள்!" அதன் பிறகு அவர் நான் வருவதற்கு முன்னமே ஆளை விட்டு ஓஸின் முனையைப் பரலுக்குள் செருகிவிடுவார்.

இனி அந்தப் போத்தல்களின் கதை. சின்னப் பிள்ளைகளிடம் மூத்திரம் எடுப்பது பற்றி எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிப்பித்திருக்க மாட்டார்கள். போத்தலைக் கண்டால் வராது, போத்தலை எடுத்தால் வரும். எப்படியோ முதல் தொகுதியைச் சேர்த்து அனுப்பினோம். அன்று கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. உலோக மூடிகள் இறுக்கம் போதாமல் பாதிக்கு மேல் ஒழுகி, பெட்டிக்குள் கடல் தண்ணீரும் புகுந்துவிட்டது. அக்கரையில், குறிகட்டுவான் இறங்குதுறையில் அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலையை, அதே படகில் போன ஜெசிந்தா பார்த்திருக்கிறாள். அழவில்லையாம். ஆனால் பார்க்க ஏலாமல் இருந்ததாம்.

"பாவம் ரீச்சர் அந்த மிஸ். இந்த முறை ஒரு சொட்டும் ஒழுக விடக்கூடாது" என்று ஜெசிந்தா வந்து சொன்னாள். எல்லாத் தாய்மாரையும் அவள்தான் திரும்பவும் சேர்த்தாள். மாதிரிகள் எல்லாம் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போகிற நாள் நெருங்கிவிட்டது. வாடைக்காற்றும் தொடங்கப் போகிறது. இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் காலை முன்பள்ளி சந்தை மாதிரி இருந்தது. ஒரு தாய் வாளியில் தண்ணீரை ஊற்றி ஊற்றிச் சத்தம் காட்டுகிறாள், இன்னொருத்தி 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்பு மாதிரிச் சீறுகிறாள், இரண்டு பிள்ளைகள் கத்துகிறார்கள். போத்தல் மிஸ் படகை மறித்து வைக்க இறங்குதுறைக்குப் போய்விட்டார். நான் பிள்ளைகளோடு முற்றத்தில் மல்லுக்கட்டினேன். நிறைந்த போத்தல்களை ஜெசிந்தாவும் மற்றவர்களும் குசினிக்குள் கொண்டுபோய் மூடி இறுக்கி, துடைத்து, ஐஸ் பெட்டிக்குள் அடுக்கினார்கள். ஒரு பிள்ளை மிச்சம் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

படகில் பெட்டியை ஜெசிந்தா தன் மடியை விட்டு இறக்கவில்லை. கிளினிக்குக்கு யாழ்ப்பாணம் போகிறவள், அதனால் எங்களோடு வந்தாள். நடுக்கடலில் படகு தூக்கிப் போடும்போதெல்லாம் போத்தல் மிஸ்ஸின் கை பெட்டியைப் பிடிக்கப் போனது. ஜெசிந்தா பெருமையாகச் சிரித்தாள்.

"பயப்பிடாதேங்கோ மிஸ். இந்த முறை ஒரு சொட்டும் ஒழுகாது. எல்லாப் போத்தலுக்கும் லஞ்ச் சீற் வெட்டி மூடிக்குக் கீழை வச்சு இறுக்கினனாங்கள்."

எங்கள் தீவில் இருந்து எது படகேறினாலும் அப்படித்தான். நெய்யோ நல்லெண்ணெயோ ஊறுகாயோ, போத்தலின் வாய்க்கு ஒரு துண்டு பொலித்தீன் வைத்து அதற்கு மேல்தான் மூடியைத் திருகுவோம். கடலில் ஒழுகாமல் போய்ச் சேர வேறு வழி இல்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கிற சொந்தக்காரர் போத்தலைத் திறந்து அந்தத் துண்டைக் கண்டாலே இது தீவாலை வந்தது என்பார்கள். ஒரு பொருளை அக்கறையாக அனுப்பினோம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

நான் போத்தல் மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திருப்பாமலே சொன்னார். "ஓம் தங்கச்சி. ஒழுகேல்லைத்தான்."

குறிகட்டுவானில் இறங்கினோம். ஜெசிந்தா பஸ்ஸில் ஏறி, "நல்ல முடிவா வரட்டும் மிஸ்" என்று கையைக் காட்டிக்கொண்டு போனாள். பஸ் கண்ணுக்கு மறையும் மட்டும் அவர் பொறுத்திருந்தார். பிறகுதான் பெட்டியைத் திறந்தார். முதல் போத்தலின் மூடியைத் திருகினார். வட்டமாக, வடிவாகக் கத்தரிக்கோலால் வெட்டிய துண்டு, ஈரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தது. அடுத்த போத்தல். அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் அதே வட்டம். ஒரு தாயும் குறை வைக்கவில்லை.

"அக்கா, அது துளித் துண்டு. அதிலை என்ன இருக்கப் போகுது?"

"தெரியாது. ஒண்டும் இல்லாமலும் இருக்கலாம். இலக்கம் கூட வந்தால், அது உம்மடை ஓஸாலை வந்ததோ இந்தத் துண்டாலை வந்ததோ எண்டு ஆர் பிரிச்சுச் சொல்லுறது?"

"ஏன் பிரிக்கோணும்? கூட வந்தால் நல்லதுதானே! ஓஸை மாத்தித் தருவினம்!" நான் கத்தியதில் துறையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொய் இலக்கத்தைக் காட்டி ஓஸை மாத்தினால், அடுத்த வருசம் இன்னொருத்தர் வந்து திரும்ப அளந்து பாப்பார், முதல் இலக்கம் பிழை எண்டு வரும். அப்ப உங்களை ஒருத்தரும் நம்பமாட்டினம். என்னை விடும், உங்களை."

சொல்லிவிட்டு அவர் போத்தல்களை ஒவ்வொன்றாகக் கடலில் ஊற்றினார். நான் கையைப் பிடித்து மறித்திருக்கலாமோ என்று சில நாட்களில் நினைப்பேன். பிடித்திருந்தாலும் நின்றிருக்க மாட்டார். ஊற்றி முடித்துக் காலிப் போத்தல்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி, உடையாமல் அடுக்கினார். ஆனால் அந்தக் கவனத்தை வைத்து நான் என்ன செய்வது? அது என் பரலுக்குள் நல்ல தண்ணீர் விடாது.

நடந்ததையும் அதன் காரணத்தையும் ஜெசிந்தாவுக்கு நான்தான் சொல்ல வேண்டி வந்தது. "கடலிலை ஊத்தினவாவோ? விடிய வெள்ளன எழுப்பி அந்தப் பிள்ளையை என்ன பாடு படுத்தினனான்! அக்கறையாச் செய்ததுக்கு இதுவோ ரீச்சர் மரியாதை?" என்று கேட்டாள். மிஸ்ஸைக் கோபித்தவள் என்னோடும் கதைப்பதை விட்டுவிட்டாள். பிள்ளையைக் கொண்டுவந்து படலையில் விடுவாள், திரும்பிப் பார்க்காமல் போவாள்.

மாதங்கள் கழித்து வேலணைப் பக்கம் ஒரு மண்டபத்தில் முடிவுகளைச் சொல்லுகிற கூட்டம் நடந்தது. நானும் போயிருந்தேன். போத்தல் மிஸ் மேடையில் நின்று ஒவ்வொரு வயதுக் கூட்டமாகச் சொன்னார். கடலுக்குப் போகிறவர்களுக்கு இவ்வளவு, அதில் இவ்வளவு சந்தேகம். வயது போனவர்களுக்கு இவ்வளவு, அதில் இவ்வளவு சந்தேகம். கடைசியாகச் சின்னப் பிள்ளைகளின் முறை வந்தது. "தெரியாது" என்றார்.

இலக்கம் கொண்டு வாரும் என்று என்னிடம் சொன்ன அதே ஐயா முன்வரிசையில் இருந்தார். "இலக்கம் இல்லாமல் நான் எதைக் காட்டித் தாங்கிக்குக் காசு கேக்கிறது? வேறை இடத்துப் பிள்ளையளின்ரை கணக்கு இருக்கும்தானே. அதை எடுத்துப் போடுங்கோவன்."

"அந்தப் பிள்ளையள் இந்த ஓஸிலை குடிக்கேல்லை ஐயா."

"ஏறத்தாழ ஒரு அளவு?"

"ஏலாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. "தெரியாது எண்டால் பயமில்லை எண்டு நினைக்காதேங்கோ. மற்ற வயதுக்காரரிலை இவ்வளவு கண்டிருக்கிறம். சின்னப் பிள்ளையளிலை எங்களுக்குத் தெரியாது. தெரியாதபடியால்தான் ஓஸை முதல் எடுக்கோணும் எண்டு நான் கேக்கிறன்." குரல் உயர்ந்துவிட்டது. ஐயா தலையை ஆட்டினார், நேரத்தைப் பார்த்தார். அடுத்ததாகத் தேநீர் வந்தது. பிளாஸ்டிக் கோப்பையில், ஆவி பறக்க. அவர் மட்டும் குடிக்கவில்லை.

பஸ்ஸுக்கு இருவரும் சேர்ந்து நின்றோம். பேசாமல் இருக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. "உங்கடை நேர்மையாலை என்ரை பிள்ளையள் இண்டைக்கும் ஓஸ் தண்ணி குடிக்குதுகள், அக்கா."

ஏதாவது மறுத்துச் சொல்வார், நானும் சண்டை பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். அவர் என்னை நேரே பார்த்து, "ஓம்" என்றார். யாழ்ப்பாணம் போகிற பஸ் வந்தது. ஏறிப் படியில் நின்றபடி, "முதல் தண்ணியை ஊத்திவிடும் ரீச்சர்" என்றார். அதுதான் நான் அவரைக் கடைசியாகக் கண்டது. பிறகு அவர் வெளிநாடு போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஓஸ் இன்றைக்கும் கல்வேலிக்கு மேலே கிடக்கிறது. போன கிழமை நான் பவுசருக்கு முன்னமே போய் ஓஸின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் வந்ததும் மண்ணுக்குத் திருப்பினேன். வழமை போலக் கத்தல் வந்தது. வாளியோடு நின்ற சனமும் முணுமுணுத்தது. அந்த வரிசையில் ஜெசிந்தாவும் இரண்டாவது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். விலகி என்னிடம் வந்தாள். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு கதைத்தாள்.

"ரீச்சர், அண்டைக்கு மூடிக்குக் கீழை நாங்கள் வச்ச துண்டு இவ்வளவுதானே?"

பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்து ஒரு வட்டம் காட்டினாள்.

"அது படகு வந்து சேருற நேரம்தானே பட்டுக்கொண்டு இருந்தது. அதுக்கே வேண்டாம் எண்டு ஊத்தினவா." அவள் கல்வேலி நீளத்துக்கும் கிடந்த ஓஸைப் பார்த்தாள். வீதி வரைக்கும் பார்த்தாள். "அப்ப இது?"

பதில் சொல்லியிருக்கக் கூடிய அந்த ஒரு ஆளும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார். ஜெசிந்தா பிள்ளையை என் கையில் தந்துவிட்டு ஓஸை வாங்கினாள். மற்றக் கையைத் தண்ணீருக்குள் நீட்டிச் சூடு பார்த்தாள். பவுசர்க்கார அண்ணை திரும்பவும் கத்தினார். "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" என்று இவளும் கத்தினாள். நல்ல குடிதண்ணீர் மண்ணில் ஓடி ஒழுங்கையின் பள்ளத்தில் தேங்கியது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் குளிர்ந்தது.

"இப்ப சரியோ ரீச்சர்?"

"தெரியாது" என்றேன்.

"அப்ப இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்றாள் ஜெசிந்தா, ஓஸை மண்ணுக்கே பிடித்தபடி.